சேலத்திலிருந்து ஃபியோர்டுக்கு: ஒரே இடத்தில் தங்கி நிதானமாகப் பார்க்கும் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

சேலத்தைச் சுற்றி மலைக்குக் குறைவில்லை. வடக்கே சேர்வராயனும் நகரமலையும், தெற்கே ஜருகுமலையும், மேற்கே கஞ்சமலையும், கிழக்கே கோதுமலையும் நிற்கின்றன. கடல்தான் இல்லை. அதனாலேயோ என்னவோ, ஆயிரம் மீட்டர் உயரப் பாறைச் சுவர்களுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கும் நார்வே நாட்டு ஃபியோர்டுகளைப் படத்தில் பார்த்தவர்கள், வாழ்நாளில் ஒரு முறையாவது அங்கே போய்விட வேண்டும் என்று மனத்தில் முடிந்து வைத்துக்கொள்கிறார்கள். அந்த ஆசையை நிறைவேற்றத் தேவையான முன்னேற்பாடுகளைச் சேலத்தில் இருப்பவர்களின் நிலையிலிருந்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிட வேண்டும். எட்டு நாளில் நான்கு நாடு என்று விற்கப்படும் தொகுப்புச் சுற்றுலாக்களில் ஃபியோர்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பகல் மட்டுமே. அந்தப் பகலில் மேகம் இறங்கிவிட்டால், பல லட்சம் செலவழித்துப் போனவர் வெண்மையான மூட்டத்தைத் தவிர வேறொன்றையும் காணாமல் திரும்ப நேரும். எனவே ஒரே ஒரு ஃபியோர்டைத் தேர்ந்தெடுத்து, அதன் கரையில் குறைந்தது நான்கு இரவுகள் தங்கி, நீர்மட்டத்திலிருந்தும் கரையோரத்திலிருந்தும் உச்சியிலிருந்தும் அதைப் பார்க்கும்படி திட்டமிடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. இனி வருவன எல்லாம் அந்தத் திட்டத்துக்கான வழிமுறைகள்.

எதைப் பார்க்கப் போகிறோம்?

பனியுகங்களில் மலைகளை மூடியிருந்த பனியாறுகள், தம் எடையாலும் நகர்வாலும் பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளைக் கடல்மட்டத்துக்கும் கீழே குடைந்து சென்றன. பனி உருகிப் பின்வாங்கியபோது அந்தப் பள்ளங்களுக்குள் கடல் நுழைந்தது. அதுதான் ஃபியோர்டு. பனியாறு கடலை நெருங்க நெருங்க அதன் குடையும் வலு குறைந்ததால், ஃபியோர்டின் வாய் ஆழம் குறைந்தும் உட்பகுதி மிக ஆழமாகவும் அமைந்திருக்கும். வெளிக்கடலின் அலைகள் நீண்டு வளைந்த இந்தச் சுவர்களுக்குள் வந்து சேர்வதில்லை. ஆகவே கப்பலில் போனால் தலைசுற்றும் என்று அஞ்சும் பெரியவர்களையும் தயங்காமல் படகில் ஏற்றலாம். அட்லாண்டிக் பெருங்கடலின் வெதுவெதுப்பான நீரோட்டம் நார்வேயின் மேற்குக் கரையைத் தொட்டுச் செல்வதால், அவ்வளவு வடக்கே இருந்தும் பெரிய ஃபியோர்டுகள் குளிர்காலத்தில் உறைந்துபோவதில்லை.

இந்த ஆழத்தின் அளவு எண்ணில் சொன்னால் மனத்தில் நிற்காது. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. அடிவாரத்தில் நின்று நாம் அண்ணாந்து பார்க்கும் அந்த ஆயிரத்து இருநூறு சொச்சம் மீட்டர் முழுவதையும் நீரால் நிரப்பினாலும், சோக்னஃபியோர்டின் மிக ஆழமான இடத்துக்கு ஈடாகாது. அங்கே ஆழம் 1,300 மீட்டரைத் தாண்டுகிறது. அதற்கு மேல், நீருக்கு வெளியே, இன்னும் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட மலைச்சுவர் நிற்கிறது. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நீளம் கொண்ட இந்த ஃபியோர்டு நார்வேயிலேயே மிக நீளமானதும் மிக ஆழமானதும் ஆகும்.

பாறைகளில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி. சோக்னஃபியோர்டின் கிளையான நேரோய்ஃபியோர்டின் மலைகளில் அனார்த்தோசைட் என்னும் வெளிர்நிறப் பாறை மிகுதியாக உள்ளது. அதே வகைப் பாறை, 1997 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த நாமக்கல் பகுதியில், சித்தம்பூண்டியிலும் கிடைக்கிறது. நிலவின் மேட்டுநிலப் பாறையோடு ஒத்திருப்பதால், சந்திரயான் 2 திட்டத்துக்கான நிலவு மண் மாதிரியை இஸ்ரோ அந்தப் பாறையிலிருந்தே உருவாக்கியது. நேரோய்ஃபியோர்டின் சுவரைத் தொடும்போது நம் பக்கத்துப் பாறையின் உறவினரைத்தான் தொடுகிறோம் என்ற எண்ணம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

எந்த ஃபியோர்டு, எந்த மாதம்?

முதல்முறை செல்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது அவுர்லாண்ட்ஸ்ஃபியோர்டும் அதை ஒட்டிய நேரோய்ஃபியோர்டும். இரண்டும் சோக்னஃபியோர்டின் கைகள். இதில் நேரோய்ஃபியோர்டும், வடக்கே உள்ள கெய்ராங்கர்ஃபியோர்டும் 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கெய்ராங்கரின் ஏழு சகோதரிகள் அருவி புகழ்பெற்றது. ஆனால் அந்த ஊருக்கு ரயில் கிடையாது. அவுர்லாண்ட் பகுதிக்கோ ஆஸ்லோவிலிருந்தும் பெர்கனிலிருந்தும் ரயிலிலேயே வந்துவிடலாம். வாகனம் ஓட்டத் தேவையில்லை, குழந்தைகளையும் முதியவர்களையும் அலைக்கழிக்கவும் வேண்டாம். பாறை விளிம்பில் நிற்கும் படங்களால் மனம் கவரப்பட்ட இளையவர்கள் ஸ்டாவாங்கர் நகருக்கு அருகிலுள்ள லீசஃபியோர்டைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கே பிரைகஸ்டூலன் என்ற தட்டைப் பாறை நீரிலிருந்து 604 மீட்டர் உயரத்தில் நிற்கிறது.

பழமரங்கள் பூத்துக் குலுங்குவதைக் காண விரும்பினால் ஹார்டாங்கர்ஃபியோர்டு. அது மே மாதத்தில் மட்டும்.

மாதத்தைப் பொறுத்தவரை, பள்ளி விடுமுறையை நம்பியிருக்கும் நம் குடும்பங்களுக்கு மே மாதத்தின் பிற்பாதி நன்றாகப் பொருந்துகிறது. சேலம் வெயிலில் வெந்துகொண்டிருக்கும் அந்த நாட்களில் நார்வே மலைகளின் பனி உருகத் தொடங்குவதால் அருவிகள் நிறைந்து பாய்கின்றன. கூட்டமும் ஜூலையைவிடக் குறைவு. ஆனால் உயர்ந்த மலைப்பாதைகள் பலவற்றில் அப்போதும் பனி கிடக்கும். கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பெயர்போன மலைச்சாலைகள் சில திறக்கப்படாமலே இருக்கலாம். நீண்ட மலையேற்றம்தான் நோக்கம் என்றால் ஜூலை முதல் செப்டம்பர் தொடக்கம் வரையிலான காலமே ஏற்றது. மே 17 நார்வேயின் தேசிய நாள். அன்று ஊர் முழுவதும் மரபு உடையணிந்து ஊர்வலம் போகும் அழகைக் காணலாம். கடைகள் மூடியிருக்கும் என்பதால் சமையல் பொருள்களை முந்தைய நாளே வாங்கி வைத்துவிட வேண்டும்.

ஜூன் நடுவில் இந்தப் பகுதியில் இரவு 11 மணி வாக்கில்தான் சூரியன் மறைகிறது. முழு இருட்டு வருவதே இல்லை. குழந்தைகளைத் தூங்க வைக்கக் கண்களை மறைக்கும் துணிப்பட்டை கையோடு கொண்டு போவது நல்லது. நள்ளிரவுச் சூரியனையே பார்க்க வேண்டும் என்றால் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, ட்ரோம்சோ அல்லது லோஃபோடென் தீவுகள் வரை போக வேண்டும். இரவு வானில் வண்ணத் திரைபோல அசையும் துருவ ஒளியைப் பார்க்கும் ஆசை வேறு. அதற்கு இருட்டு தேவை, ஆகவே செப்டம்பர் முதல் மார்ச் வரைதான் காலம். இரண்டையும் ஒரே பயணத்தில் எதிர்பார்க்க முடியாது.

ஏற்காட்டில் தொடங்கும் பயிற்சி

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டிய வேலை இது. பணத்துக்கும் விசாவுக்கும் அலையும் நாம், உடம்பைத் தயார்செய்ய மறந்துவிடுகிறோம். சேர்வராயன் மலை பக்கத்திலேயே இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவது பெரும் இழப்பு.

ஃபியோர்டுக் கரையின் ஜூலை மாதப் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். ஏற்காட்டின் டிசம்பர், ஜனவரி மாதக் காலைப் பொழுதுகள் ஏறத்தாழ இந்த நிலையில்தான் இருக்கின்றன. எனவே அங்கே போட எண்ணியிருக்கும் உடையையும் காலணியையும் இங்கே ஒரு குளிர்காலக் காலையில் அணிந்து, ஏரியிலிருந்து பக்கோடா பாயிண்ட் வரையும், இன்னொரு நாள் சேர்வராயன் கோயில் வரையும் நடந்து பாருங்கள். நடக்கும்போது உடல் சூடாகும், நின்றவுடன் வியர்வை குளிரும். பருத்திப் பனியன் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு முதுகில் ஒட்டுவதை அப்போதே உணரலாம். உள்ளே மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை உடை, அதன்மேல் கம்பளிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத மேலங்கி என மூன்று அடுக்காக உடுத்துவதே மலைக்கு ஏற்ற முறை. வேண்டும்போது ஒரு அடுக்கைக் கழற்றவும் மாட்டவும் முடிவதுதான் அதன் பயன்.

மழையில் நடப்பது இன்னும் முக்கியமான பயிற்சி. பெர்கன் ஐரோப்பாவிலேயே அதிக மழை பெறும் நகரங்களுள் ஒன்று. அங்கே ஆண்டில் இருநூறு நாட்களுக்கு மேல் மழை பெய்கிறது. ஆகவே அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தூறிக்கொண்டிருக்கும் ஒரு நாளில் ஏற்காட்டுக்கு ஏறி, புதிதாக வாங்கிய ரெயின்கோட்டோடு இரண்டு மணி நேரம் நடந்து சோதித்துவிடுங்கள். கடையில் மாட்டிப் பார்க்கும்போது தெரியாத குறைகள் எல்லாம் மழையில் வெளிப்படும். கையை உயர்த்திப் படம் எடுக்கும்போது மணிக்கட்டு வழியாக நீர் முழங்கை வரை இறங்கும். தலைமூடி காற்றில் பின்னால் விழும். பையின் மேல்பகுதி நனையாமல் இருந்தாலும், முதுகோடு ஒட்டிய பக்கம் வழியாக ஈரம் உள்ளே போய் உடைகளைத் தொடும். இவற்றை நார்வேயில் கண்டுபிடித்தால், அங்கே இன்னொரு மேலங்கி வாங்க நம் ஊர் விலையைப்போலப் பல மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும்.

முழங்காலுக்குக் கிளியூர் அருவியை நம்பலாம். அருவிக்கு இறங்கும் பாதை செங்குத்தானது. இறங்கும்போதுதான் முழங்காலுக்கும் பெருவிரல் நகத்துக்கும் வேலை. ஷூவின் முனையில் விரல் இடித்தால் அந்த ஷூ ஒரு அளவு சிறியது என்று பொருள். பிரைகஸ்டூலனுக்குப் போய்வர 8 கிலோமீட்டர், நான்கு மணி நேரம் ஆகும். அந்தப் பாதையின் கற்படிகளைப் பதித்தவர்களில் நேபாளத்து ஷெர்பாக்கள் உண்டு. வழுக்கும் ஈரக்கல்லில் ஏறி இறங்கப் பழகிய கால்களுக்கு அது எளிது. பழகாத கால்களுக்கு அடுத்த இரண்டு நாள் பயணமே வீணாகிவிடும். ட்ரோல்துங்கா என்னும் பாறை நாக்குக்குப் போய்வருவது வேறு கணக்கு. வழக்கமான தொடக்க இடத்திலிருந்து ஏறத்தாழ 27 கிலோமீட்டர், பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம். ஒரு நாளில் இருபது கிலோமீட்டர் மலையில் நடந்து பழகாதவர் அதைத் தம் திட்டத்தில் சேர்க்கவே கூடாது.

காப்புக்காட்டுக்குள் நீண்ட மலையேற்றப் பயிற்சி செய்ய விரும்புபவர்கள், 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை தொடங்கிய இணையவழி மலையேற்றத் திட்டத்தில் முன்பதிவு செய்து வழிகாட்டியோடு செல்லலாம். அனுமதியில்லாமல் காட்டுக்குள் போவது சட்டப்படி குற்றம். காட்டுத்தீக் காலத்தில் வழிகள் மூடப்படும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஏற்காடு கற்றுத்தரும் இன்னொன்று பொறுமை. பக்கோடா பாயிண்டில் நிற்கும்போது மேகம் பள்ளத்தாக்கை மூடுவதும், அரை மணி நேரம் காத்திருந்தால் திடீரென்று திரை விலகுவதும் நமக்குத் தெரிந்ததே. ஃபியோர்டிலும் அதுவே நடக்கிறது, ஆனால் அங்கே மேகம் விலக அரை நாளோ ஒரு நாளோ ஆகலாம். ஒரே ஊரில் நான்கு இரவு தங்கச் சொல்வதன் காரணம் இதுதான். இன்று மூடிய காட்சிமுனைக்கு நாளை மீண்டும் போக உங்களிடம் நாள் இருக்க வேண்டும்.

விசா, பணம்

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வர இடம் தரும் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. எனவே ஷெங்கன் விசா எடுக்க வேண்டும். எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரை தங்க அது இடம் தரும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாட்களுக்குக் குறையாமல் முன்பே கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் கோடைக்கால நெரிசலில் சந்திப்பு நேரம் கிடைப்பதே கடினம். எனவே மே மாதப் பயணத்துக்கு ஜனவரியிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள். கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். சேலத்திலிருந்து சென்னைக்கு ஒரு நாள் பயணம் என்று வைத்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் கொண்டதாகவும் இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பதினொரு வயது வரையிலான பிள்ளைகளுக்கு 45 யூரோ.

பல ஷெங்கன் நாடுகளுக்குப் போவதாக இருந்தால், அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஒரே ஃபியோர்டில் தங்கும் திட்டம் இங்கே இன்னொரு வகையில் உதவுகிறது. தங்குமிடப் பதிவும் பயணத் திட்டமும் தெளிவாக இருந்தால், விண்ணப்பத்தை ஆராயும் அலுவலருக்கும் ஐயம் எழாது. வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, விடுப்புக் கடிதம் ஆகியவற்றில் முரண்பாடு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தங்குமிடச் செலவு நீங்கலாக அன்றாடச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். விண்ணப்பத்துக்குச் சற்று முன்பு கணக்கில் திடீரென்று பெருந்தொகை போடுவது நன்மையைவிடத் தீமையே செய்யும்.

நார்வேயின் பணம் குரோனா. 2025-இல் ஒரு குரோனா எட்டு, ஒன்பது ரூபாயை ஒட்டி இருந்தது. பெட்டிக்கடை அளவிலான கடையில்கூட அட்டையில் செலுத்தலாம் என்பதால் நோட்டுகளாக மாற்றிச் செல்வது தேவையற்றது. தொகுப்புச் சுற்றுலா வாங்கினால் அதன்மேல் பிடிக்கப்படும் வரியை, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ள முடியும். அதற்கான சான்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போகும் வழி

சேலத்துக்காரர்களுக்குச் சென்னையைவிடப் பெங்களூரு அருகில். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போனால் நகரத்தைக் கடந்து வடக்கே தேவனஹள்ளியில் விமான நிலையம் இருக்கிறது. நகர நெரிசலுக்கென்று இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக் கிளம்ப வேண்டும். தோஹா அல்லது துபாய் வழியாக ஆஸ்லோவுக்கோ, ஆம்ஸ்டர்டாம் அல்லது ஃபிராங்ஃபர்ட் வழியாக பெர்கனுக்கோ போகலாம். ஆஸ்லோவில் இறங்கி பெர்கனிலிருந்து திரும்பும்படி பயணச்சீட்டு எடுத்தால், வந்த வழியே திரும்பும் அலைச்சல் மிச்சம். ஐரோப்பிய நகரம் வழியாகப் போகும்போது குடியேற்றச் சோதனை அந்த நகரத்திலேயே நடக்கும் என்பதால், விமானம் மாறக் குறைந்தது மூன்று மணி நேரம் இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்லோவில் ஒரு இரவு தங்கி உடலைப் பழக்கிவிட்டு, காலை ரயிலில் பெர்கன் நோக்கிப் புறப்படுங்கள். 1909-இல் திறக்கப்பட்ட இந்தப் பாதை 1,200 மீட்டருக்கு மேல் ஏறி ஹார்டாங்கர்விடா என்ற மரமற்ற மேட்டுநிலத்தைக் கடக்கிறது. மே மாதத்திலும் ஃபின்சே நிலையத்தின் இருபுறமும் பனி கிடக்கும். பயணச்சீட்டை எவ்வளவு முன்னதாக எடுக்கிறோமோ அவ்வளவு விலை குறைவு.

வழியிலுள்ள மிர்டால் நிலையத்தில் இறங்கி, அவுர்லாண்ட்ஸ்ஃபியோர்டின் கரையிலுள்ள ஃப்ளாம் என்ற ஊருக்குப் போகும் ரயிலுக்கு மாற வேண்டும். 867 மீட்டர் உயரத்திலிருந்து கடல்மட்டத்துக்கு 20 கிலோமீட்டரில் இறங்கும் இந்தப் பாதையில் 20 சுரங்கங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை கையால் குடையப்பட்டவை. சரிவு பல இடங்களில் பதினெட்டுக்கு ஒன்று, அதாவது பதினெட்டு மீட்டர் போவதற்குள் ஒரு மீட்டர் இறக்கம். கோடையில் ஷோஸ்ஃபோசன் அருவியின் முன் ரயில் சில நிமிடம் நிற்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள், மேடை முழுதும் அருவியின் சாரல் தெறிக்கும், கைப்பேசியின் கண்ணாடியில் நீர்த்துளி படிந்து படங்கள் கலங்கும். ஒரு உலர்ந்த கைக்குட்டையைச் சட்டைப்பையில் தயாராக வைத்துக்கொண்டு, முதல் நிமிடம் வெறுங்கண்ணால் பார்த்துவிட்டுப் பிறகு படம் எடுங்கள்.

தங்குவதற்கு ஃப்ளாமைவிட, சுமார் ஒன்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள அவுர்லாண்ட் கிராமம் எனக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது. ஃப்ளாம் துறைமுகத்துக்குப் பெரிய சொகுசுக் கப்பல்கள் வருகின்றன. அவற்றிலிருந்து இறங்கும் ஆயிரக்கணக்கானோர் காலை முதல் மாலை வரை அந்தச் சிறு ஊரை நிறைத்துவிடுகிறார்கள். கப்பல் வரும் நாட்களின் பட்டியலைத் துறைமுகங்கள் முன்கூட்டியே வெளியிடுகின்றன. அதைப் பார்த்து, கப்பல் வராத நாளில் படகுப் பயணத்தையும், வரும் நாளில் மலை நடையையும் வைத்துக்கொள்ளலாம்.

மூன்று உயரங்களிலிருந்து

முதலில் நீர்மட்டம். ஃப்ளாமிலிருந்து குட்வாங்கன் வரை சுமார் இரண்டு மணி நேரம் செல்லும் மின்சாரப் படகு அவுர்லாண்ட்ஸ்ஃபியோர்டு வழியாகப் போய் நேரோய்ஃபியோர்டுக்குள் திரும்புகிறது. திரும்பும் அந்த இடத்தில் கட்டாயம் வெளித்தளத்தில் நில்லுங்கள். அகன்ற நீர்ப்பரப்பு சட்டென்று ஒடுங்கி, மிகக் குறுகிய இடத்தில் 250 மீட்டர் அளவே ஆகிவிடும். இருபுறமும் சுவர் எழுந்து வானம் ஒரு பட்டையாகக் குறையும். மின்கலத்தில் ஓடுவதால் இயந்திர இரைச்சல் இல்லை. அருவி பாறையில் மோதும் ஒலியைத் தெளிவாகக் கேட்கலாம். ஜூனிலும் காற்று கையை விறைக்கச் செய்யும் என்பதால் கையுறை தேவை. சுவரின் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைப் பண்ணைவீடுகளைத் தேடிப் பாருங்கள். வரி வசூலிக்க ஆள் வரும்போது ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்களாம் என்று இத்தகைய வீடுகளைப் பற்றிக் கதை சொல்கிறார்கள்.

அடுத்தது கரை. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, நாற்பது பேர் மட்டுமே அமரக்கூடிய மரத் தேவாலயம் உள்ள உண்ட்ரெடால் கிராமம் அவுர்லாண்ட்ஸ்ஃபியோர்டின் கரையில்தான் இருக்கிறது. அது வெள்ளாட்டுப் பால் பாலாடைக்கட்டிக்குப் பெயர் பெற்றது. பகலில் படகு, ரயில் என்று அலைந்த பிறகு, கப்பல்கள் போய்விட்ட இரவு ஒன்பது மணிக்குக் கரையோரம் நடப்பதற்கு ஒரு மாலையை ஒதுக்குங்கள். அந்த நேரத்திலும் பகல்போல் வெளிச்சம் இருக்கும்.

உச்சிக்கு ஸ்டேகஸ்டைன். ஃபியோர்டுக்கு 650 மீட்டர் மேலே, மலையிலிருந்து முப்பது மீட்டர் வெளியே நீண்டு, முனையில் கண்ணாடித் தடுப்போடு முடியும் இந்த மேடைக்குப் பேருந்து போகிறது. ஏறி நடக்க முடியாத தாய் தந்தையரையும் அழைத்துச் செல்லலாம். குறுகிய மலைச்சாலையில் வளைந்து ஏறும்போது நம் ஏற்காட்டுச் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பழகியவர்களுக்குப் பயம் வராது. ஆனால் வாடகைக் கார் எடுத்து ஓட்டுவதை முதல் பயணத்தில் நான் ஊக்குவிக்க மாட்டேன். வலப்பக்கம் ஓட்ட வேண்டும், எதிரே பேருந்து வந்தால் ஒதுங்கும் இடம் வரை பின்னோக்கிப் போக வேண்டும். போதாததற்கு அவுர்லாண்டையும் லேர்டாலையும் இணைக்கும் 24.5 கிலோமீட்டர் சுரங்கம் வேறு இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அது உலகின் மிக நீளமான சாலைச் சுரங்கம்.

சாப்பாடு

உணவகத்தில் ஒருவருக்கான ஒரு வேளைச் சாப்பாடு எளிதாக 200 குரோனாவைத் தாண்டும். நால்வர் கொண்ட குடும்பம் மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டால் விமானக் கட்டணத்துக்கு அது போட்டி போடும். எனவே சமையலறை உள்ள தங்குமிடமாகப் பதிவு செய்யுங்கள். அரிசி, முட்டை, தயிர், ரொட்டி, காய்கறி எல்லாம் அங்குள்ள அங்காடிகளில் கிடைக்கின்றன. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஊறுகாய், சேலத்துத் தட்டுவடை ஆகியவற்றைக் கொண்டுபோனால் போதும். சைவ உணவுக்காரர்களும் பசியில்லாமல் இருக்கலாம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால்பொருள்களும் கொண்டுவரத் தடை உண்டு. நெய், பால்பவுடர், பால்கோவா ஆகியவற்றைப் பெட்டியில் வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான அங்காடிகள் மூடியிருக்கும். குழாய்த் தண்ணீர் குடிக்க ஏற்றது. புட்டித் தண்ணீருக்குச் செலவழிக்க வேண்டாம்.

மலையில் கவனிக்க வேண்டியவை

நம் காட்சிமுனைகளில் இரும்புத் தடுப்பு உண்டு. நார்வேயின் இயற்கையான பாறை விளிம்புகள் பலவற்றில் எதுவும் கிடையாது. பிரைகஸ்டூலனும் அப்படித்தான். குழந்தையின் கையை விட்டுவிட்டுப் படம் எடுப்பது, ஈரப்பாறையின் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுவது ஆகிய இரண்டையும் குடும்பத்தில் முன்பே பேசித் தடை செய்துவிடுங்கள்.

நார்வே மக்கள் மலைக்குப் போகும்போது பின்பற்றும் ஒன்பது விதிகள் உள்ளன. எங்கே போகிறோம் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுச் செல்வதும், வானிலையைப் பார்த்துத் திட்டத்தை மாற்றுவதும், காலத்தோடு திரும்பிவிடுவதும் அவற்றுள் அடங்கும். திரும்புவதில் வெட்கமில்லை என்று அந்த விதியே வெளிப்படையாகச் சொல்கிறது. பல லட்சம் செலவழித்து வந்திருக்கிறோம் என்ற எண்ணம்தான் நம்மவர்களைத் தவறான நேரத்தில் முன்னே தள்ளுகிறது. ஆகவே கிளம்பும் முன்பே ஒரு திரும்பும் நேரத்தை முடிவு செய்து, உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த நேரம் வந்தால் திரும்பிவிட வேண்டும். ஏற்காட்டுப் பயிற்சி நடைகளிலேயே இதையும் பழகிக்கொள்ளலாம். வானிலைக்கு நார்வே வானிலை நிறுவனமும் அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனமும் நடத்தும் ‘யர்’ செயலி நம்பத்தக்கது. மலைப்பாதைகளில் பாறைகளின்மேல் வரைந்திருக்கும் சிவப்பு ‘டி’ எழுத்துக் குறிகளே வழிகாட்டி. அவசரத்துக்குத் தீயணைப்பு 110, காவல் 112, மருத்துவ உதவி 113.

கூடாரம் அடிக்க விரும்பும் இளையவர்களுக்கு நார்வேயின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய உரிமை தருகிறது. உழப்படாத திறந்த நிலத்தில், குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி, இரண்டு இரவு வரை யாரிடமும் கேட்காமல் தங்கலாம். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டின் அருகிலும் தீ மூட்டத் தடை. குப்பையை முழுவதும் திருப்பி எடுத்து வர வேண்டும்.

நார்வே இப்போது கைக்கு எட்டாவிட்டால்

மே மாதம் விடுப்புக் கிடைக்காதவர்கள், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடையாக இருக்கும் நியூசிலாந்தின் மில்ஃபோர்ட் சவுண்டைப் பார்க்கலாம். அதுவும் பனியாறு குடைந்த உண்மையான ஃபியோர்டே. குயின்ஸ்டவுனிலிருந்து ஒரே நாளில் போய்வருவது களைப்பைத் தரும் என்பதால் தே அனாவ் ஊரில் தங்குவது நல்லது. செலவைக் குறைக்க வேண்டும் என்றால் ஓமான் நாட்டின் முசந்தம் முனை. அங்கே கசப் ஊரிலிருந்து மரப்படகில் போனால் வறண்ட சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே கடல் நுழைந்திருப்பதைக் காணலாம். அது பனியாற்றின் வேலையன்று, நிலம் தாழ்ந்து பள்ளத்தாக்குகள் மூழ்கியதால் உண்டானது. நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம்.

நார்வே திட்டத்தில் கடைசியாக ஒரு ஏற்பாடு. ஃபியோர்டிலிருந்து நேரே விமானத்துக்குப் போகும்படி எதையும் அமைக்காதீர்கள். மலை ரயில் பாதையில் சீரமைப்புப் பணி நடந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், நேரம் தள்ளிப்போகும். குட்வாங்கனிலிருந்து பேருந்தில் வாஸ், அங்கிருந்து ரயிலில் பெர்கன் என்று முந்தைய நாளே வந்து சேர்ந்து, அந்த இரவை அங்கே கழியுங்கள். 1979 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள பிரிக்கன் துறைமுக மரவீடுகளையும், 1918 முதல் ஓடும் இழுவை ரயிலில் ஏறினால் 320 மீட்டர் உயரத்தில் கிடைக்கும் ஃப்ளோயன் குன்றின் காட்சியையும் அன்று மாலையே பார்த்துவிடலாம். மறுநாள் காலை விமான நிலையத்துக்கு நகர மையத்திலிருந்தே இலகு ரயில் கிடைக்கும்.